பாட்டுக்கா, படத்துக்கா?

காதுக்காரர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. காது எல்லாருக்கும்தான் இருக்கிறது. ஆண்டவன் அதில் பாகுபாடு பார்க்கவில்லை, ஏழைக்கும் இரண்டு, பணக்காரனுக்கும் இரண்டு என்றுதான் ஒட்டி அனுப்பினான். ஆனால் காதுக்காரருக்கு மட்டும் தம்முடைய இரண்டும் தனியாக ஆர்டர் கொடுத்துச் செய்தவை என்று ஒரு நினைப்பு. கிள்ளானில் இவர்களைப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸில் பார்க்கலாம். பெட்டாலிங் ஜெயாவில், வேலை நேரத்தில், மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் எங்கோ ஒரு நாட்டில் ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து எடுப்பதை வாய் பிளந்து பார்க்கும்போதும் பார்க்கலாம். எங்கே பார்த்தாலும் அடையாளம் ஒன்றுதான். யாரோ ஒருவர் நானூறு வெள்ளிக்குள் ஒரு ஸ்பீக்கர் வாங்க நினைக்கிறார் என்ற செய்தி காற்றில் வந்தால் போதும், இவர்கள் அவர் வீட்டு கேட்டில் நிற்பார்கள். கூப்பிட வேண்டியதில்லை.

நானூறு வெள்ளி என்பதை மறந்துவிடாதீர்கள். நாலாயிரம் வெள்ளி போடுகிறவன் இவர்களைக் கேட்பதில்லை. கடைக்காரனே வீட்டுக்கு வந்து மாட்டிவிட்டுக் கும்பிட்டுப் போவான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நாற்பது வெள்ளிக்கு வாங்குகிறவனும் கேட்பதில்லை. அவனுக்கு அதில் கலர் விளக்கு மின்னினால் சரி. நடுவில் இருக்கிறவர்கள்தான், சேர்த்து வைத்த காசு வீணாகிவிடக் கூடாதே என்று பயப்படுகிறவர்கள்தான், காதுக்காரருக்குத் தீனி.

இந்த இனத்தில் நன்றாகக் கொழுத்து வளர்ந்த ஒருவரைப் பார்க்க வேண்டுமா? கிள்ளானில் ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வாருங்கள். பெயர் விமலன். வயது நாற்பத்தைந்து. வேலை, தண்ணீர் வடிகட்டி விற்கும் ஓர் அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர். தொழில், அடுத்தவர் வீட்டு ஸ்பீக்கர்.

அவர் சொந்த வீட்டில் என்ன ஸ்பீக்கர் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள். டிவியோடு சேர்ந்து வந்ததுதான். கேட்டால், "நான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன்லா" என்பார். பதினோரு வருடமாகத் தேடுகிறார். அவர் வீட்டுக்காரி காசைக் கொடுக்கிற வரைக்கும் தேடுவார்.

அவர் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி அமுதவள்ளி அக்கா இருந்தார். அதுதான் அக்கா செய்த பாவம்.

அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் புத்தகத்தைப் பார்த்துப் பாடச் சொன்னால், அவர் ஓரடியைக் கூட்டி முடிப்பதற்குள் தாளம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதனால் எல்லாப் பாட்டையும் காதால் கேட்டே பிடித்தவர். ஒரு தடவை தெளிவாகக் காதில் விழுந்துவிட்டால் போதும், பிறகு அந்தச் சொல் அவரை விட்டுப் போகாது.

அவர்கள் தாமான் கோயிலில் நவராத்திரி ஆறாம் நாள் உபயம் பெண்களுடையது. பதினைந்து பெண்கள் அம்மன் முன்னால் உட்கார்ந்து ஒரு பதிகம் பாடுவார்கள். ஒருவர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றப் பதினான்கு பேரும் திருப்பிப் பாடுவது வழக்கம். பதினோரு வருடமாக எடுத்துக் கொடுத்த இராஜம்மா இந்த வருடம் செலாயாங்கில் மகன் வீட்டோடு போய்விட்டார். போகும்போது, "வள்ளி, இனிமே நீதான்" என்று சொல்லி, பதினோரு பாட்டையும் தன் குரலிலேயே பாடிக் கைப்பேசியில் அனுப்பியும் விட்டார்.

அங்கேதான் சிக்கல். கைப்பேசி ஸ்பீக்கரோ சின்னக் கொட்டைப்பாக்கு அளவு. அதில் சொல்லின் தலை வந்தது, வால் வரவில்லை. அக்கா அதைக் காதில் வைத்துப் பார்த்தார், டம்ளருக்குள் வைத்துப் பார்த்தார், பித்தளைக் குடத்துக்குள் இறக்கியும் பார்த்தார். எடுத்துக் கொடுக்கிறவர் ஒரு சொல்லைத் தப்பினால் பின்னால் பதினான்கு வாயும் சேர்ந்து தப்பும். அதுவும் அம்மன் முன்னால். இதை நினைத்தால் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. போன தீபாவளிக்கு முறுக்குச் சுற்றி விற்றதில் ஒதுக்கி வைத்த காசு கொஞ்சம் இருந்தது. ஒரு ஸ்பீக்கர் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார். அந்த முடிவைக் காய்கறி வேன் பக்கத்தில் நின்று, கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, யாரிடமோ வாய்விட்டுச் சொல்லியும் விட்டார்.

சாயங்காலம் கேட்டில் விமலன் நின்றார். கையில் அளவு நாடா.

"அக்கா, ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களாமே. முதல்ல ஒண்ணு சொல்லுங்க. பாட்டுக்கா, படத்துக்கா?"

"சொல்லு வெளங்கணும் தம்பி. அவ்ளோதான்."

"அது சரிக்கா. பாட்டுக்கா, படத்துக்கா?"

"பதிகத்துக்கு."

விமலன் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "பதிகம் பாட்டு சைடுலதான்க்கா வரும்."

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல். "படத்துக்கும் சேர்த்துப் போடு தம்பி! ஞாயித்துக்கிழமை சண்டை போடுறானுங்க, அடி விழுறதே தெரிய மாட்டேங்குது!" அது அக்காவின் வீட்டுக்காரர் சின்னையா. முப்பது வருடம் லோரி ஓட்டி, என்ஜின் இரைச்சலில் காதில் பாதியைத் துறைமுகத்திலேயே இறக்கிவிட்டு வந்தவர்.

விமலன் முகத்தில் விளக்கு எரிந்தது. ஒரே வீட்டில் பாட்டும் படமும்! ஒரு காதுக்காரருக்கு வாழ்க்கையில் இதைவிட என்ன வேண்டும்?

"கேளுங்க அண்ணே. பாட்டு ஸ்பீக்கர் வேற, பட ஸ்பீக்கர் வேற. பாட்டு ஸ்பீக்கர்ல படம் பார்த்தா, குண்டு வெடிக்கிறது அப்பளம் நொறுங்குற மாதிரி கேக்கும். பட ஸ்பீக்கர்ல பாட்டுக் கேட்டா, பாடகிக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. அத எல்லாராலயும் கண்டுபிடிக்க முடியாது." எல்லாராலும் முடியாது என்று சொன்னபோது அவர் பார்வை தரையில் இருந்தது. அடக்கம்.

"எனக்குச் சொல்லு மட்டும்..." என்று அக்கா மறுபடி தொடங்கினார்.

விமலன் ஹாலின் நடுவே போய் நின்று இரண்டு கையையும் சேர்த்துப் படார் என்று தட்டினார். பிறகு தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை உயர்த்தி, எதிரொலிக்குக் காத்திருந்தார். சின்னையா யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து வாசலைப் பார்த்தார். விமலன் இன்னொரு மூலையில் போய்த் தட்டினார். சோபாவுக்குப் பின்னால் போய்த் தட்டினார். கடைசியில் சாமி மேடைக்கு முன்னால் வந்து தட்டினார், கும்பிடுவதற்காக அல்ல.

"இங்கதான்க்கா பிரச்சின. கண்ணாடி போட்ட சாமி படம் ஒம்போது இருக்கு. சத்தம் வந்து மோதித் திரும்பும். மேடைய ரூமுக்குள்ள மாத்திடலாமா?"

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் இன்னொருவன் என்றால் வீட்டுக்கு ஓடியிருப்பான். காதுக்காரர்கள் பார்வைக்கெல்லாம் அசைய மாட்டார்கள்; அவர்களுக்குக் கண்ணில் வேலையில்லை. "சரி, அப்ப ஒரு போர்வையாவது போடுங்க" என்றார். சாமிக்கே போர்வை போர்த்தச் சொன்ன முதல் மனிதர் எங்கள் விமலன்தான்.

பிறகு ஒரு வாரம் ஆராய்ச்சி. அந்த ஒரு வாரத்தில் அக்காவின் கைப்பேசிக்கு விமலன் நாற்பத்து மூன்று விமர்சனங்களை அனுப்பினார். எல்லாம் ஆங்கிலம். "கிள்ளான்ல வாங்காதீங்க, இங்க உள்ளவங்களுக்கு ஸ்பீக்கருக்கும் சோத்துப் பானைக்கும் வித்தியாசம் தெரியாது" என்று ஓர் எச்சரிக்கை. நவராத்திரி ஆறாம் நாளுக்கு இன்னும் இருபது நாள் இருந்தபோது, சனிக்கிழமை காலையில், கொமுட்டர் ரயில் ஏறி அக்காவையும் சின்னையாவையும் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப் போனார்.

கடை மலர்விழியுடையது. இருபது வருடமாக மிக்ஸியும் மின்விசிறியும் ஸ்பீக்கரும் விற்கிறவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: "என்ன கேப்பீங்க அக்கா?" அக்கா கைப்பேசியை எடுத்து நீட்டினார். மலர்விழி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். கையடக்கமான ஒரே பெட்டி, ஒயர் கிடையாது. கைப்பேசியோடு சேர்த்துவிட்டு ஓடவிட்டார்.

இராஜம்மா கடைக்குள் வந்து உட்கார்ந்தார். அப்படித்தான் இருந்தது. முதல் அடியின் கடைசிச் சொல், அக்கா மூன்று வாரமாகத் தேடிய சொல், வாலோடு வந்து காதில் விழுந்தது. அக்கா கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இது போதும் அக்கா. குரலுக்கு நல்லாருக்கும். வெலையும் கம்மி" என்றார் மலர்விழி.

"ஒரு நிமிஷம் பாஸ்" என்றார் விமலன்.

ஐயா அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தார். எடை பார்த்தார். காதுப் பக்கம் கொண்டுபோய் விரல் முட்டியால் டொக் டொக் என்று தட்டினார். திருப்பி, அடிப்பக்கம் தட்டினார். லேசாக ஆட்டியும் பார்த்தார். டுரியான் பழம் வாங்கப் போனால் நாம் செய்கிறதெல்லாம் செய்தார். முகர்ந்து பார்ப்பதுதான் பாக்கி.

"பிளாஸ்டிக்" என்றார், பழத்தில் புழு இருக்கிறது என்று சொல்கிற குரலில். "மரமா இருந்தா உள்ள சத்தம் பழுக்கும். இது பழுக்காது."

"அண்ணே, அவங்களுக்குப் பதிகம் கேக்கத்தானே?"

"பதிகத்துக்கு மட்டும் வாங்குனா அண்ணனுக்குப் படம்? ஒரு முடிவு எடுக்கிறோம்னா நாலையும் யோசிக்கணும் இல்லியா?" என்று சின்னையாவைத் துணைக்கு இழுத்தார். சின்னையா தலையாட்டினார். அவருக்குக் கேட்டது படம் என்ற ஒரு சொல்தான்.

விமலன் கடையில் இருந்ததையெல்லாம் தட்டினார். அந்தக் காலை நேரத்தில் உள்ளே வந்த இரண்டு பேர், கடை மாறி வந்துவிட்டோமோ, இங்கே ஏதோ தச்சு வேலை நடக்கிறதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கடைசியில் இரண்டு மரப்பெட்டி, அவற்றை ஓட்ட ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், பத்து மீட்டர் ஒயர் என்று முடிவானது. அந்த ஜோடியில் இராஜம்மாவை ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்கலாமே என்றார் அக்கா. "கடைல கேக்குறது கணக்கே இல்லக்கா" என்றார் விமலன். மலர்விழி பில் போட்டார். காதுக்காரர் கூட வந்தால் கடைக்காரர் வாயைத் திறக்கக் கூடாது என்பதை இருபது வருட வியாபாரம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விமலன் வந்து மாட்டினார். மாட்டும்போது வாய் ஓயவில்லை. ஒரு பெட்டி டிவிக்கு வலது பக்கம், இன்னொன்று இடது பக்கம், சாமி மேடைக்குப் பக்கத்தில். ஒயர் மேடைக்குப் பின்னால் போயிற்று. மேடைக்குப் போர்வை. சின்னையாவுக்குப் பட வசனத்தின் இரகசியத்தை விளக்கிக்கொண்டே, பார்க்காமலே, இடது பெட்டியில் சிவப்பு ஒயர் போகவேண்டிய இடத்தில் கறுப்பையும் கறுப்பு போகவேண்டிய இடத்தில் சிவப்பையும் செருகினார்.

அப்படிச் செருகினால் என்ன ஆகும்? வலது பெட்டி காற்றை முன்னால் தள்ளும்போது இடது பெட்டி பின்னால் இழுக்கும். நடுவில் நிற்கவேண்டிய குரலை ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து இல்லாமல் ஆக்கிவிடும். இது ஒரு பெரிய படிப்பல்ல. பெட்டி வந்த அட்டையிலேயே படம் போட்டிருந்தது. அட்டையைப் பார்க்கிறவர்கள் காதுக்காரர்கள் ஆவதில்லை.

இராஜம்மாவை ஓடவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் குளியலறையில் யாரோ தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு பாடுவதுபோல் ஒன்று கேட்டது. அக்கா முன்னால் போய்க் கேட்டார். பின்னால் வந்து கேட்டார்.

"இராஜம்மா எங்க தம்பி?"

"இதுதான்க்கா சரவுண்டு! குரல் ஒரே எடத்துல நிக்கக் கூடாது. ஹால் முழுக்கப் பரவணும்."

"பரவிடுச்சு தம்பி. ஆனா ஒண்ணும் வெளங்கலியே."

"காது பழகணும்" என்றார் விமலன். இது இந்த இனத்தின் மூல மந்திரம். பொருள் சரியில்லை என்றால் பொருளின் மேல் குற்றமில்லை, கடையின் மேல் குற்றமில்லை, தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் மேல் நிச்சயமாகக் குற்றமில்லை; ஐம்பத்து நான்கு வருடமாக ஒழுங்காக இருந்த உங்கள் காதின் மேல்தான் குற்றம். "அதோட புது ஸ்பீக்கரு. உள்ள இருக்கிறது இறுக்கமா இருக்கும். நூறு மணி நேரம் ஓட விடணும். அப்பதான் இளகும்."

"நூறு மணி நேரம் இராஜம்மாவ ஓட விடவா?"

"சீச்சீ, குரல் போட்டா இளகாது. இதுக்குன்னே ஒரு சத்தம் இருக்கு" என்று சின்னையாவின் கைப்பேசியில் எதையோ தேடி எடுத்துப் போட்டார். உஸ்ஸ்ஸ் என்று வந்தது. அவ்வளவுதான் அந்தச் சத்தம். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. "ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். பத்து நாள். நடுவுல வேற எதுவும் போட்டுடாதீங்க, கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு, ஆற்றிய தே தாரிக் டீயும் குடித்துவிட்டுப் போனார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். செய்தார்கள். சேர்த்து வைத்த காசைப் போட்டுவிட்டவர்கள் எதையும் செய்வார்கள். காலையில் அக்கா கேன்டீனுக்குப் போகும் முன் உஸ்ஸ்ஸை முடுக்கிவிடுவார். சின்னையா அதற்குக் காவல். இரண்டாம் நாள் அவர், மழை பிடித்துக்கொண்டது என்று ஓடிப்போய்க் கொடியில் காய்ந்த துணியெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். நான்காம் நாளும் அள்ளினார். வெளியே வெயில் கொளுத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "அண்ணே, ஒங்க வீட்ல காஸ் லீக் ஆகுதா?" என்றார்.

அக்கா கைப்பேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு கேன்டீனில் பாடம் பண்ணினார். அடுப்பில் மீ கோரேங் இரண்டு தடவை தீய்ந்தது. ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் ஒத்திகை. முதல் பாட்டை எடுத்துக் கொடுத்தார், சரியாகப் போயிற்று. இரண்டாம் பாட்டில் பாதியில் ஒரு சொல் வரவில்லை. அந்தச் சொல் போன இடத்தில் உஸ்ஸ்ஸ்தான் இருந்தது. பதினான்கு பெண்களும் வாயைத் திறந்தபடி அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். தாளம் தட்டியவர் கையை எடுத்துவிட்டார். "புஸ்தகத்தப் பாத்துப் பாடுங்களேன் அக்கா" என்றது ஒரு பெண், நல்ல மனதோடுதான். அக்கா, கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று சொன்னார். கண்ணாடி அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் தன் புத்தகத்தை மெல்ல மூடி மடிக்கு அடியில் வைத்துக்கொண்டது. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

நூறு மணி நேரம் முடிந்தது. விமலன் வந்து, சோபாவில் நடுநாயகமாக உட்கார்ந்து, கண்ணை மூடி விரலை உயர்த்தினார். இராஜம்மா அதே வாளிக்குள் பாடினார்.

"எப்படிக்கா? தெறந்திருக்குல்ல?"

"தம்பி, அப்படியேதான் இருக்கு."

விமலன் எழுந்து போய்ப் பெட்டியை டொக் டொக் என்று தட்டினார். "மரம் நல்ல கெட்டி மரம் போல. இன்னொரு நூறு மணி நேரம் போடுங்க."

ஆறாம் நாளுக்கு இன்னும் ஒன்பதே நாள். அன்றைக்கு அக்கா முடிவு செய்தார், மறுநாள் இராஜம்மாவுக்குப் போன் செய்து, என்னால் முடியாது, வேறு யாரையாவது எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடுவதென்று. சரளமாகப் படிக்க வராது என்பதை இத்தனை வருடம் யார் முன்னாலும் சொல்ல வேண்டி வந்ததில்லை. இப்போது சொல்ல வேண்டும். அதுவும் கோயிலில்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் குளித்துவிட்டு வந்து, கடைசியாக ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று இராஜம்மாவை ஓடவிட்டார். விளக்கேற்ற வேண்டும். மேடையைப் பார்த்தார். போர்வைக்குள் அம்மன். பதினோரு நாளாக அதன் ஒரு நுனியைத் தூக்கி, திருட்டுத்தனமாகக் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். போர்வையோடு மேடைக்குப் பின்னால் ஓடிய ஒயரும் வந்தது. இடது பெட்டி செத்தது.

இராஜம்மா வந்துவிட்டார்.

வலது பெட்டியிலிருந்து, முழுக்குரலில், சொல்லுக்குச் சொல் வாலோடு. பிடித்து இழுக்க இன்னொரு பெட்டி இல்லாததால் குரல் நின்ற இடத்தில் நின்று பாடியது. அக்கா தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒத்திகையில் தவறிய அந்தச் சொல் வந்தது. "தாயே" என்றார். இது அம்மன் செய்த வேலை என்று அவர் அன்றைக்கு நம்பினார். நம்பியதில் தவறென்ன? கெட்டி மரம் என்று நம்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

எட்டு நாளில் பதினோரு பாட்டும் பாடமாயிற்று. நடுவில் ஒரு நாள் விமலன் வந்தார். இடது பெட்டியின் மேல் குங்குமச் சிமிழும் பூக்கூடையும் இருந்தன. ஒயர் தரையில் கிடந்தது.

"அலாமாக்! அக்கா! ஸ்டீரியோ போச்சேக்கா!"

"போகட்டும் தம்பி. இராஜம்மா வந்துட்டாங்க."

"ஒரு நிமிஷம்லா, நான் மறுபடி..." என்று குனிந்தார்.

"அந்த ஒயர்ல கைய வச்சே, இதுவரைக்கும் இந்தத் தாமான்ல எத்தன வீட்டுக்கு நீ ஸ்பீக்கர் வாங்கிக் குடுத்தேன்னு, ஒன் வீட்டுக்காரிகிட்ட ஒண்ணு விடாம சொல்லிடுவேன்."

விமலன் நிமிர்ந்தார். காதுக்காரர்கள் தெளிவாகக் கேட்கும் சத்தங்களும் சில இருக்கத்தான் செய்கின்றன.

ஆறாம் நாள் சாயங்காலம் அக்கா பாடினார். பெரிய குரல் இல்லை. ஆனால் பதினோரு பாட்டிலும் ஒரு சொல் நொண்டவில்லை. அவர் கொடுக்கக் கொடுக்கப் பதினான்கு பேரும் வாங்கி வாங்கிப் பாடினார்கள். எட்டாம் பாட்டில் அக்காவுக்கே கண் நனைந்தது, குரல் நனையவில்லை. பின்வரிசையில் சின்னையா பக்கத்தில் இருந்தவரிடம், "எனக்கே கேக்குது" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

தீபாராதனை முடிந்ததும் விமலன் என்ன செய்தார்? வெட்கப்பட்டு வீட்டுக்குப் போனார் என்று நினைத்தால் இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. கோயில் தலைவரை ஒரு தூண் ஓரம் நிறுத்தி, "நூறு மணி நேரம் ஓட விட்டோம்லா. எல்லாம் எளகி வந்துச்சு பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் ஒலிபெருக்கியை எப்போது மாற்றப் போகிறீர்கள் என்றும் கேட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் விமலன் ஒருவரைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். முடியவில்லை.

பிரசாதம் வாங்கிக்கொண்டு பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். எப்படி இவ்வளவு சுத்தமாகப் பாடம் பண்ணினீர்கள், என்ன ஸ்பீக்கர், எங்கே வாங்கினீர்கள்? அக்கா வாழ்நாளில் யாரும் அவரிடம் இப்படி ஒரு விஷயத்தைக் கேட்டதில்லை. சமையல் கேட்டிருக்கிறார்கள், முறுக்குப் பதம் கேட்டிருக்கிறார்கள். இது வேறு. அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தார்.

"ரெண்டு வாங்கணும்" என்றார். "மரத்துல. ஆனா ஒண்ணுதான் ஓடணும். இன்னொண்ணு பக்கத்துல சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கிறதுக்கு எதுக்குக்கா ஒண்ணு?"

"அது சும்மா இருந்தாத்தான் இது ஒழுங்காப் பாடும்."

"ஒண்ணு மட்டும் வாங்குனா?"

"வாங்கலாம்" என்றார் அக்கா, இரக்கத்தோடு. "ஒங்க இஷ்டம். நான் அனுபவத்துல சொல்றேன்."

அவரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. அவர் வீட்டில் இரண்டு இருந்தன, ஒன்று ஓடியது, குரல் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒற்றைப் பெட்டியில் கேட்டதெல்லாம் நினைவிலிருந்து கழன்றுவிட்டது. எத்தனையோ பிள்ளையார் சதுர்த்தியும் சரஸ்வதி பூஜையும் பார்த்த அந்த நல்ல மனுஷி, நம் கண்ணெதிரில், ஆள்காட்டி விரலை உயர்த்திக்கொண்டு பேசினார். தான் உயர்த்தியது அவருக்குத் தெரியாது.

அடுத்த மாதம் மலர்விழி போன் செய்தார். "அக்கா, கிள்ளான்ல என்ன ஆச்சு? அஞ்சு பேரு வந்துட்டாங்க ஒங்க பேரச் சொல்லி. எல்லாருக்கும் ஜோடி வேணுமாம், ஒரே ஒரு ஒயர்தான் வேணுமாம்."

அக்கா நடந்ததைச் சொன்னார். மலர்விழி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, அது ஒயரு மாறிப் போச்சு. சிவப்ப சிவப்புல போடுங்க, கறுப்ப கறுப்புல போடுங்க. ரெண்டும் ஜோரா பாடும். சத்தியமா" என்றார்.

அக்கா இடது பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா மலரு, நீ விக்கிறவ" என்றார் அக்கா, ரொம்ப அன்பாக. "நான் கேக்குறவ." போனை வைத்துவிட்டுப் பூக்கூடையை இடது பெட்டியின் மேல் சரியாக நகர்த்தி வைத்தார்.

கிள்ளானில் இன்று ஆறு வீடுகளில் ஊமை ஸ்பீக்கர் ஒன்று பூக்கூடை சுமந்துகொண்டு நிற்கிறது. ஏழாவது வீட்டில் யாரோ காசு சேர்க்கிறார்களாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் சொல்லுங்கள். சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகினார் என்று படித்த இடத்திலிருந்து உங்களுக்கு உட்கார முடிந்ததா? நான் மட்டும் அந்த ஹாலில் இருந்திருந்தால் ஒரே நிமிடத்தில் சரி செய்திருப்பேனே என்று கை அரித்ததா இல்லையா? அதோடு நின்றதா? மரமாவது பிளாஸ்டிக்காவது, அந்தக் காசுக்கு நானாக இருந்தால் வேறு ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பேன் என்று ஒரு பெயரும் வாய்வரை வந்ததல்லவா? அக்காவின் வீட்டு விலாசம் கிடைக்குமா என்றுகூட ஒரு கணம் தோன்றியிருக்குமே?

கிடைக்காது. அந்தத் தாமானுக்கு இருக்கிற இரண்டு காதுக்காரர்களே போதும்.